பிள்ளைகளோடு ஊர் சுற்ற: தீம் பார்க் இல்லாத விடுமுறைக்கு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீம் பார்க்குக்குப் போகவே கூடாது என்கிறீர்களா?

தாராளமாகப் போங்கள். நுழைவுச்சீட்டு, உள்ளே விற்கிற சாப்பாடு, லாக்கர், பார்க்கிங் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், நான்கு பேர் குடும்பம் அந்த ஒரு நாள் காசில் கும்பகோணத்தில் இரண்டு நாள் தங்கிச் சாப்பிட்டு வந்துவிடலாம். கீழே உள்ளவை அந்த இரண்டு நாளைத் தேடுகிறவர்களுக்கு.

கோயில், மலை, கடற்கரை. இதையே எத்தனை தடவை காட்டுவது? பிள்ளைகளுக்கென்று தமிழ்நாட்டில் என்ன இருக்கிறது?

பிள்ளைகளுக்கு இடத்தைவிட அங்கே நடக்கிற வேலைதான் பிடிக்கும். பூங்காவுக்குக் கூட்டிப்போனால் பூவைப் பார்க்க மாட்டார்கள். தோட்டக்காரர் ரப்பர் குழாயை எடுத்தாரென்றால் அரை மணி நேரம் அவர் பின்னாலேயே நடப்பார்கள். அதனால் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது "அங்கே என்ன இருக்கிறது?" என்று தேடாமல், "நாம் போகிற நேரத்தில் அங்கே யார் என்ன செய்துகொண்டிருப்பார்கள்?" என்று தேடுங்கள். எஞ்சின் தண்ணீர் குடிக்கும், நாரை குஞ்சுக்கு ஊட்டும், ஒருவர் கையால் தரைக்கல் வார்ப்பார், இன்னொருவர் பாம்பிடம் விஷம் எடுப்பார். இப்படி ஒன்று இருந்தால் போதும், அந்த நாள் ஓடிவிடும்.

ஒரு நாளைக்கு ஒன்று. காலையில் அதை முடித்துவிட்டு, மதியம் தூக்கம், மாலையில் கடைத்தெரு. ஐந்து இடம் எழுதிய பட்டியலோடு கிளம்பும் குடும்பம் மூன்றாவது இடத்தில் சண்டை போட ஆரம்பித்துவிடும்.

சென்னையிலிருந்து காலையில் போய் இரவு திரும்ப வேண்டும். எங்கே போகலாம்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மகாபலிபுரம் வரைக்கும் போனாலே போதும். ஆனால் வழக்கமாகப் போகிற முறையில் வேண்டாம்.

முதல் நிறுத்தம் வடநெம்மேலி முதலைப் பண்ணை. ரோமுலஸ் விட்டேகர் 1976-இல் தொடங்கியது. முதலைகள் மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும், "பொம்மையாப்பா?" என்று கேட்காத பிள்ளை இல்லை. இரை போடும் நேரத்தை வாசலிலேயே கேட்டுக்கொண்டு அதற்குத் தகுந்தபடி உள்ளே போங்கள். திங்கட்கிழமை விடுமுறை.

அதே வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. இதைத்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து பாம்புத்தோல் வியாபாரம் நின்றபோது, தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடித்துப் பிழைத்த இருளர்களுக்கு வேலை போயிற்று. 1978-இல் இந்தச் சங்கம் உருவானது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கையும் பிடித்து வந்து, சில வாரம் மண்பானையில் வைத்திருந்து, விஷம் எடுத்துவிட்டு மறுபடியும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்குச் செலுத்தி, குதிரையின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புச் சத்தைப் பிரித்துத்தான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. வெறுங்கையோடு பாம்பின் தலையைப் பிடித்து, துணி கட்டிய ஜாடியில் கடிக்க வைப்பதைப் பார்த்த பிள்ளை வீட்டுக்கு வந்து ஒரு மாதம் அதையே பேசும். பாம்பென்றால் அலறுகிற பிள்ளையைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

மகாபலிபுரம் போனால் "கல்லுதானே" என்கிறான் மகன். என்ன செய்வது?

கல்வெட்டுப் பலகையை வாசித்துக்காட்டுவதை முதலில் நிறுத்துங்கள். அர்ச்சுனன் தபசு என்று சொல்லப்படும் பெரிய புடைப்புச் சிற்பத்தின் முன்னால் நிறுத்தி, "இதில் ஒரு பூனை இருக்கிறது, கண்டுபிடி" என்று மட்டும் சொல்லுங்கள். யானைக் கால் பக்கத்தில் ஒரு பூனை இரண்டு கையையும் தூக்கித் தவம் செய்யும், எலிகள் சுற்றி நிற்கும். மேலே உண்மையாகத் தவம் செய்கிறவரைப் பார்த்துப் பூனை நடிக்கிறது. பல்லவச் சிற்பி ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன்னால் அடித்த நக்கல் ஆறு வயதுப் பிள்ளைக்கும் புரியும். அடுத்தது யானைக் குட்டிகளை எண்ணச் சொல்லுங்கள். பக்கத்துக் கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கும் காட்சியில் மாடு கன்றை நக்கிக்கொண்டிருக்கும், அதையும் தேடச் சொல்லலாம்.

பிறகு ஐந்து ரதங்களில் பாதியில் நின்றுபோன வேலைகளைக் காட்டுங்கள். மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வந்தார்கள் என்பது முடியாத பகுதிகளில்தான் தெரியும். அதைப் பார்த்த சூட்டோடு ஊருக்குள் இருக்கும் சிற்பப் பட்டறை ஒன்றின் வாசலில் நில்லுங்கள். இன்றும் உளிச்சத்தம் கேட்கிறது. பெரும்பாலும் உள்ளே வந்து பார்க்கச் சொல்வார்கள். தூசி கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெண்ணெய் உருண்டைப் பாறைக்குப் பக்கத்துச் சரிவில் சறுக்காமல் வந்த பிள்ளையை நான் பார்த்ததில்லை. பழைய கால்சட்டை போட்டு அழைத்துப் போங்கள்.

ஊட்டி மலை ரயிலுக்கு டிக்கெட் கிடைப்பதே இல்லை. அவ்வளவு பாடுபட்டுப் போகத்தான் வேண்டுமா?

வேண்டும். என் கணக்கில் தமிழ்நாட்டில் பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறந்த ஒரு காலைப்பொழுது கிடையாது. தாவரவியல் பூங்காவையும் படகுக் குழாமையும் விட்டுவிட்டால்கூட ஒன்றும் குறையாது.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் 46 கிலோமீட்டர். 208 வளைவு, 250 பாலம், 16 குகைப்பாதை. கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வைத்த சட்டம் ஒன்று தொடங்கும். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பற்சக்கரம் அந்தப் பல்லைப் பிடித்துப் பிடித்து ஏறும். குன்னூர் வரைக்கும் அப்படித்தான். 12 அடி போனால் ஓர் அடி உயரம் ஏறுகிற சரிவில் சாதாரணச் சக்கரம் வழுக்கிவிடும். இன்னொரு விஷயம்: எஞ்சின் முன்னால் இருக்காது, பின்னாலிருந்து தள்ளும். ஏன் என்று பிள்ளைகளையே யோசிக்க விடுங்கள். பெட்டியின் இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை கொடுத்தால் தானே விடைக்கு வந்துவிடுவார்கள். வழியில் நிறுத்தங்களில் நீராவி எஞ்சின் தண்ணீர் பிடிக்கும், எல்லோரும் இறங்கலாம். ஹில்குரோவில் குரங்குகள் உண்டு. பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் வைத்திருந்தால் அது உங்களுடையதல்ல.

குன்னூர் வரை 1899-இலும் ஊட்டி வரை 1908-இலும் ஓடத் தொடங்கிய பாதை இது. 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

டிக்கெட்டுக்கு: முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கும், திறந்த காலையிலேயே முடிந்துவிடும். மேட்டுப்பாளையத்தில் காலை 7 மணி சுமாருக்குக் கிளம்பினால் ஊட்டி சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் இதைப் பிடிக்கிற மாதிரிதான் வருகிறது. மேலே ஏறும் வண்டியில் இடம் இல்லையென்றால் மதியம் கீழே இறங்கும் வண்டியைப் பாருங்கள், நேரமும் குறைவு. அதுவும் இல்லையென்றால் குன்னூர்–ஊட்டி இடையே தினமும் பல தடவை ஓடுகிறது. அங்கே டீசல் எஞ்சின்தான், பல்சட்டமும் இல்லை. ஆனாலும் குகைப்பாதையில் எல்லாப் பெட்டியும் சேர்ந்து "ஓ" போடுவது அதிலும் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் மண் சரிந்து அடிக்கடி ரத்தாகும். அந்த மாதங்களை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

காரில் போனால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுக்க வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதத்திலிருந்து இந்த முறை. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச்சாவடியிலேயே வாங்கிவிடுவார்கள், எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள்.

வேடந்தாங்கல் போனோம், ஒரு பறவையும் இல்லை. ஏமாற்றமாகிவிட்டது.

எந்த மாதம் போனீர்கள்? பறவை பள்ளி விடுமுறை பார்த்து வராது. நவம்பரிலிருந்து மார்ச் வரைக்கும்தான் வேடந்தாங்கல். அதிலும் ஏரியில் தண்ணீர் இருந்தால்தான். அரையாண்டுத் தேர்வு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும் சரியான நேரம். ஜனவரி பிறந்த பிறகு போனால் கூட்டில் குஞ்சு இருக்கும், தாய் தன் அலகைத் திறந்து ஊட்டுவதைப் பார்க்கலாம். மதியம் போகாதீர்கள். காலையில் எழ முடியாதென்றால் மாலை நான்கு மணிக்குப் பிறகு போங்கள், மேயப்போன பறவையெல்லாம் அணி அணியாக வந்து இறங்கும். பைனாகுலர் ஒன்று கட்டாயம், இல்லையென்றால் தூரத்து மரத்தில் வெள்ளைப் புள்ளிகள் மட்டும்தான்.

இந்தச் சரணாலயத்துக்கு ஒரு கதை உண்டு. ஊர்க்காரர்கள்தான் பல தலைமுறையாக இதைக் காத்தவர்கள். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். வேட்டைக்காரர்களை விரட்ட 1790-களிலேயே ஆங்கிலேயக் கலெக்டரிடம் எழுத்து மூலம் உரிமை வாங்கியவர்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நாரை போடும் எச்சத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பிறகு மரியாதையோடு பார்ப்பார்கள்.

தென்மாவட்டத்தில் இருக்கிறவர்கள் திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளம் போங்கள். அங்கே வேலி கிடையாது, வீட்டு மரத்திலேயே சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும். குளம் நிறைந்த ஆண்டில் கோடை தொடக்கம் வரை பறவை இருக்கும். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதையே விட்டுவிட்டார்கள்.

கோயில் என்றாலே பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். தஞ்சாவூர் பக்கம் போக எங்களுக்கு ஆசை.

வரிசையில் நிற்க வைத்து, வியர்த்து, கூட்டத்தில் நசுங்கி வெளியே வந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். ஒரு நாளைக்கு ஒரே கோயில் என்று பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள். நவக்கிரகத் தலங்களையும் இதே பயணத்தில் சேர்த்துவிடலாம் என்று வீட்டில் யாராவது ஆரம்பித்தால் அதை வேறொரு முறைக்குத் தள்ளிவிடுங்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு மாலையில் போங்கள். பகலில் கல் சுட்டு, காலை வைக்க முடியாது. கோபுர நிழல் தரையில் விழாது என்று ஊரெல்லாம் சொல்வார்கள். பிள்ளையையே சோதிக்கச் சொல்லுங்கள். விழும். பெரியவர்கள் சொல்வதைச் சரிபார்த்துப் பொய்யென்று கண்டுபிடிப்பதில் பிள்ளைகளுக்கு இருக்கிற சந்தோஷம் தனி. 1010-இல் ராசராசன் கட்டி முடித்த கோயில் என்பதெல்லாம் அதற்குப் பிறகு தானாக உள்ளே போகும். வெளியே வந்து தலையாட்டி பொம்மை ஒன்று வாங்கி, எப்படித் தள்ளினாலும் ஏன் எழுந்துவிடுகிறது என்று அதன் அடிப்பாகத்தைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால் பிள்ளைகளுக்குப் பெரிய கோயிலைவிடத் தாராசுரம் பிடிக்கும். கும்பகோணத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, கூட்டம் இல்லை, புல்வெளி இருக்கிறது. கல்தேர், குதிரை, சக்கரம், எல்லாமே கைக்கு எட்டும் உயரத்தில். ஒரே தலையைக் காளையும் யானையும் பங்குபோட்டுக்கொள்ளும் சிற்பம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் மறைத்தால் காளை, இன்னொரு பக்கம் மறைத்தால் யானை. உள்ளங்கையால் மறைத்து மறைத்துப் பார்ப்பதிலேயே கால் மணி நேரம் போகும்.

அடுத்த நாள் காலை சுவாமிமலை. கோயிலுக்கு மட்டும் போய்விட்டுத் திரும்பாதீர்கள், ஸ்தபதிகளின் பட்டறைகளைப் பாருங்கள். மெழுகில் உருவம் செய்வார்கள், அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசுவார்கள், காய்ந்ததும் சூடு காட்டி மெழுகை உருக்கி வெளியே ஓட விட்டு, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியபின் மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அச்சு உடைந்துபோவதால் ஒரு சிலை மாதிரி இன்னொன்று வராது. எந்த நாளில் உலோகம் ஊற்றுகிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்தால் அதிர்ஷ்டம் உங்களுடையது.

பெரும்பாலான கோயில்களில் நண்பகலிலிருந்து நான்கு மணி வரை நடை சாத்தியிருக்கும். காரை ஓட்டிக்கொண்டு போய்ப் பூட்டிய கதவைப் பார்க்காமல், அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரைக்குப் போனால் குளிக்காமல் வர மாட்டார்கள். பயமாக இருக்கிறது.

பயப்படத்தான் வேண்டும். வங்கக் கடலில் முழங்கால் ஆழத்திலேயே இழுத்துவிடும், ஒவ்வொரு விடுமுறைக்கும் செய்தித்தாளில் பார்க்கிறோம். ஆற்றிலும் அப்படித்தான், மணல் அள்ளிய பள்ளம் மேலே தெரியாது. அந்த ஊர் மீனவர் "இங்கே இறங்கலாம்" என்று சொல்லாத இடத்தில் இறங்க வேண்டாம்.

தண்ணீர் வேண்டும், ஆனால் குளிக்கக் கூடாது என்றால் பிச்சாவரம். சிதம்பரத்திலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடலாம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் உள்ள அலையாத்திக் காடு. மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகே எடுங்கள். அதுதான் குறுகிய வாய்க்கால்களுக்குள் நுழையும், தலைக்கு மேலே கிளைகள் கூரை போட்டிருக்கும். சுரபுன்னையின் வேர்கள் தண்ணீருக்கு மேலே கால் ஊன்றி நிற்கும். வெண்கண்டலின் வேர்கள் சேற்றிலிருந்து விரல் விரலாக மேலே முளைத்திருக்கும், சேற்றுக்குள் காற்று கிடைக்காததால் மூச்சு விட வெளியே வந்தவை. 2004 சுனாமியின்போது இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் பாதிப்பு குறைந்ததைப் படகோட்டிகளே சொல்வார்கள், கேளுங்கள். காலை வெயில் ஏறுமுன் போவது நல்லது. படகில் உயிர்காப்பு உடுப்பைப் பிள்ளை அளவுக்குக் கேட்டு வாங்குங்கள். பெரியவர்களுடையதை மாட்டினால் தலை வழியாகக் கழன்றுவிடும்.

அங்கிருந்து தெற்கே போனால் தரங்கம்பாடி. 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 1706-இல் இங்கே வந்து இறங்கிய சீகன்பால்கு என்ற இளம் ஜெர்மானியர், திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதித் தமிழ் படித்தவர். பிறகு இங்கேயே அச்சகம் வைத்துத் தமிழில் புத்தகம் போட்டார். கோட்டைக்கு முன்னால் மணல் கிடக்கிறது, உங்கள் பிள்ளையும் எழுதட்டும்.

ராமேஸ்வரம் பிள்ளைகளுக்குச் சரிப்படுமா?

பாம்பன் பாலத்துக்காகவே போகலாம், ஆனால் ரயிலில் போங்கள். 1914-இல் திறந்த பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலே தூக்கிக் கப்பலுக்கு வழிவிட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் நடுப்பகுதி முழுவதும் லிஃப்ட் போல நேராக மேலே போகும். சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலில் ரயிலோடு ஊரே போன கதையைப் பத்து வயதுக்கு மேல் உள்ளவர்களுக்குச் சொல்லலாம். இடிந்த தேவாலயத்தின் சுவர் இன்னும் நிற்கிறது. அரிச்சல்முனையில் கடலில் இறங்க வேண்டாம்.

மே மாத வெயிலில்தான் எங்களுக்கு லீவு கிடைக்கிறது.

அப்போது சமவெளியை மறந்துவிடுங்கள். கத்திரி வெயிலில் தஞ்சாவூருக்கும் கீழடிக்கும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போவது கொடுமை. குற்றாலமும் மே மாதத்தில் காய்ந்து கிடக்கும், சாரல் ஜூனில்தான்.

ஊட்டி, கொடைக்கானல் கூட்டம் வேண்டாம் என்றால் வால்பாறை. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை இருக்கும், பின் சீட்டில் இருப்பவர்கள் எண்ணிக்கொண்டே வரலாம். ஒன்பதாவது வளைவுக்குப் பக்கத்தில் வண்டியை ஓரமாக நிறுத்திப் பாறைகளைப் பாருங்கள். நம் மாநில விலங்கான வரையாடு அங்கே சாதாரணமாக நிற்கும். மேலே போனால் புதுத்தோட்டம் பகுதியில் சிங்கவால் குரங்குகள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறு எந்தக் காட்டிலும் இல்லாத இனம். காட்டில் மரத்தைவிட்டு இறங்காத குரங்கு, ஆட்கள் போடும் தீனியால் சாலைக்கு வந்து வண்டியில் அடிபடுகிறது. அதனால் வாழைப்பழம் நீட்டக் கூடாது என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள். ஏன் என்று தெரிந்தால் அவர்களே அடுத்த வண்டிக்காரரை அதட்டுவார்கள்.

கொடைக்கானல்தான் போவதென்றால், ஏரியைச் சுற்றி சைக்கிள் ஓட்டிய பிறகு சூரிய ஆய்வகத்துக்குப் போங்கள். 1899-இல் தொடங்கியது. நூறு வருடத்துக்கு மேலாகச் சூரியனைப் படம் எடுத்துச் சேர்த்துவைத்திருக்கிறார்கள். சூரியனின் முகத்தில் கரும்புள்ளி இருக்கிறது என்று கேட்டதும் எந்தப் பிள்ளையும் நம்பாது.

நட்சத்திரம், இரவு நேரம், இப்படி ஏதாவது?

திருப்பத்தூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம். 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம், வானம் தெளிவாக இருந்தால் இரவில் சிறிய தொலைநோக்கி வழியாகப் பார்க்கவும் விடுவார்கள். மேகம் வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. மழை மாதத்தைத் தவிர்த்து, அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமையாகப் பாருங்கள். ஏலகிரியில் தங்கிக்கொள்ளலாம்.

சென்னைக்காரர்களுக்கு வேறொன்று உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரைக்கும் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்புக் குழுவினர் இரவில் நடப்பார்கள். 1988-இலிருந்து நடக்கிறார்கள். பங்குனி ஆமை கரையேறி நூறு முட்டை போல இட்டுவிட்டுப் போகும், அதை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைப்பார்கள், ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆனால் குஞ்சு வரும். விடிய விடிய மணலில் நடப்பதற்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதாவது ஆக வேண்டும் என்பது என் அபிப்பிராயம். சின்னவர்களைப் பொரிப்பகத்தில் குஞ்சுகளைக் கடலில் விடும் மாலை நேரத்துக்கு அழைத்துப் போங்கள். டார்ச், போன் வெளிச்சம் கூடாது. குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடல் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளும், நம் வெளிச்சம் அதைத் திசை திருப்பிவிடும்.

கீழடி? பானை ஓடுதானே என்று தோன்றுகிறது.

2023-இல் திறந்த அருங்காட்சியகம், மதுரையிலிருந்து அரை மணி நேரம். செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்கிறார்கள். கி.மு. 6-ஆம் நூற்றாண்டு வரை பழமை போகிறது என்கிறது மாநிலத் தொல்லியல் துறை. பிள்ளைகளை நேராக விளையாட்டுப் பொருள்கள் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப் போங்கள். பகடைக்காய், ஆட்டக்காய், பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்த சில்லு. பாண்டி ஆடத் தெரிந்த பிள்ளைக்கு விளக்கமே வேண்டாம். அடுத்தது, "ஆதன்", "குவிரன்" என்று தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் ஆள் பெயர் கீறிய ஓடுகள். தன் டிபன் பாக்ஸில் பெயர் எழுதியிருக்கும் பிள்ளைக்கு அது ஏன் என்று தெரியும்.

தாத்தா பாட்டியும் வருகிறார்கள். எல்லோருக்கும் ஒத்துவருகிற ஊர் ஏது?

காரைக்குடி. நடை குறைவு, சாப்பாடு நன்றாக இருக்கும், கானாடுகாத்தான் வீடுகளில் திண்ணை உண்டு, பெரியவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம். பிள்ளைகளுக்கு ஆத்தங்குடி. ஒரு கண்ணாடித் துண்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் கரண்டியால் சாயச் சாந்தை ஊற்றிப் பூ வரைந்து, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தித் தரைக்கல் செய்கிறார்கள். பிறகு சில நாள் தண்ணீரில் ஊறும். கண்ணாடிப் பக்கம் திரும்பும்போதுதான் பளபளப்பு தெரியும். ஞாயிற்றுக்கிழமை வேலை நடக்காது என்று வைத்துக்கொண்டு வாரநாளில் போங்கள்.

மூன்று வயதுக் குழந்தையோடு போகலாமா?

போகலாம். அது உங்களுக்கான பயணம், குழந்தைக்கு எந்த ஊரும் ஒன்றுதான். ஒரே இடத்தில் தங்குங்கள், தினமும் அறை மாற்றாதீர்கள். ரயிலில் ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்குத் தனி இடம் கேட்காவிட்டால் டிக்கெட் இல்லை. ஐந்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் இடம் வேண்டாமென்றால் அரை டிக்கெட், படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். இரவுப் பயணத்துக்கு முழுக் கட்டணம் கொடுத்துவிடுவது எல்லோருக்கும் நிம்மதி.

பதினைந்து வயதுப் பையன் எங்களோடு வரவே மாட்டேன் என்கிறான்.

ஒரு நாளை அவனிடம் கொடுத்துவிடுங்கள். எந்த ஊர், எந்த பஸ், எங்கே சாப்பாடு, எவ்வளவு செலவு, எல்லாம் அவன் பொறுப்பு. நீங்கள் பின்னால் போங்கள், வழி தப்பினாலும் வாயைத் திறக்காதீர்கள். ஏறி நடக்க ஆசைப்படுகிறவன் என்றால் வனத்துறையின் மலையேற்றத் திட்டத்தில் 40 வழித்தடங்கள் இருக்கின்றன. 2024-இல் தொடங்கியது, கூட வழிகாட்டி வருவார். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். வயது விதியைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

மலைச்சாலையில் வாந்தி?

வயிறு முட்டச் சாப்பிடவும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். இரண்டு இட்லி போதும், எண்ணெய்ப் பலகாரம் கீழே இறங்கிய பிறகு. முன் கண்ணாடி தெரிகிற இடத்தில் உட்கார வைத்து, போனைப் பிடுங்கிவிடுங்கள், தலையைக் குனிந்து திரையைப் பார்ப்பதுதான் பாதிக் காரணம். ஓட்டுநரிடம் வளைவில் மெதுவாகப் போகச் சொல்வதற்குக் கூச்சப்படாதீர்கள். கவர் கையிலேயே இருக்கட்டும், பெட்டிக்குள் வேண்டாம்.

எல்லாம் திட்டம் போட்டு மழை வந்து கெடுத்துவிட்டால்?

ஊருக்கு ஓர் அருங்காட்சியகத்தைக் கைவசம் வைத்திருங்கள். கோயம்புத்தூரில் கேஸ் வன அருங்காட்சியகம், 1902-இலிருந்து இருக்கிறது, பதப்படுத்திய விலங்குகளைப் பார்த்து நகர மாட்டார்கள். மதுரையில் காந்தி அருங்காட்சியகம், திருமலை நாயக்கர் மகாலின் தூண்கள். ஒரு தூணைக் கட்டிப்பிடிக்க எத்தனை பேர் வேண்டும் என்று அங்கேயே பார்த்துவிடலாம். நாகர்கோவில் பக்கம் மாட்டிக்கொண்டால் பத்மநாபபுரம் அரண்மனை. குமரி மாவட்டத்தில் இருந்தாலும் நிர்வாகம் கேரள அரசுடையது, திங்கட்கிழமை மூடியிருக்கும். சென்னையில் எழும்பூர் அருங்காட்சியகம், 1851-இல் தொடங்கியது, சோழர் காலச் செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்தை முதலில் பாருங்கள். சுவாமிமலை போய் வந்த பிள்ளையாக இருந்தால் எது எப்படி வார்த்தது என்று உங்களுக்கு விளக்கும். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை.